முட்டிக்குப் பத்தியம்

எங்க லோகாக்கா மாதிரி கிள்ளான்ல வேன் ஓட்ட இன்னொரு ஆள் கிடையாது. காலையில ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க இங்க நிறைய பேர் இருக்கோம். ஜாம்ல மாட்டுனா நாங்கள்லாம் கோப்பிய உறிஞ்சிக்கிட்டு பேசாம நிப்போம். லோகாக்கா நிக்க மாட்டாங்க. கண்ணாடிய இறக்கி, குறுக்க வந்த லோரிக்காரன மலாய்ல ரெண்டு வார்த்தை, தமிழ்ல நாலு வார்த்தை கேட்டுட்டுதான் அடுத்த கியர் போடுவாங்க. பின்னால இருக்கிற பிள்ளைங்க சிரிக்கும். அதுங்களுக்கும் ஒரு அதட்டு விழும்.

முழுப்பேரு லோகேஸ்வரி. பொறந்தது கேரி தீவு, எஸ்டேட் வீட்டுல. கல்யாணம் கட்டி கிள்ளானுக்கு வந்தாங்க. புருஷன் சிவநேசன் அண்ணன்தான் வேன் வாங்கி தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைங்கள ஏத்த ஆரம்பிச்சவரு. அவரு நெஞ்சு வலின்னு உக்காந்து அப்படியே போய்ட்டாரு. வேன வித்துடு, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. கருமாதி முடிஞ்ச கையோட அக்கா லைசன்ஸ் எடுக்கப் போய்ட்டாங்க. ஃபேக்டரிய மூடி நான் வேலையில்லாம நின்னப்ப என்னையும் இந்தத் தொழில்ல இழுத்துவிட்டது அவங்கதான். அதனால அவங்கள திட்டுற உரிமை எனக்கு உண்டு. இந்தக் கதையில கொஞ்சம் திட்டுவேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்ல. கோயில் கோயிலா சுத்தினாங்க, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறினாங்க, ஒரு கட்டத்துல விட்டுட்டாங்க. யாராவது அத பத்தி வாய தொறந்தா, "காலையில என் வேன்ல வந்து பாரு, எனக்கு எத்தனை பிள்ளைன்னு தெரியும்" அப்படின்னு சொல்லி வாயடைச்சிடுவாங்க. அதுக்கு மேல அந்தப் பேச்ச நானும் எடுத்ததில்ல.

முட்டி போனது கிளட்ச்சாலதான். இத்தனை வருஷம் கிள்ளான் ஜாம்ல இடது கால்ல மிதிச்சு மிதிச்சு, கதவ தொறக்க இறங்கி ஏறி, அந்த முட்டி தேஞ்சு போச்சு. டாக்டர் படத்த காட்டி எலும்பும் எலும்பும் உரசுதுன்னாரு. முட்டிய மாத்தித்தான் ஆகணும். இப்பல்லாம் சின்னக் கீறலா போட்டு, சதைய அதிகம் வெட்டாம உள்ள பொருத்திடறாங்களாம். சீக்கிரம் நடக்கலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், ஆனா வீட்டுல ஒழுங்கா பயிற்சி செஞ்சாதான் முட்டி மடங்கும்னு டாக்டர் சொன்னாரு. முதல் பாதிதான் அக்கா காதுல விழுந்துச்சு.

பள்ளி ஆண்டு லீவுல ஆபரேஷன் வச்சாங்க. கோலாலம்பூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மறுநாளே வாக்கர பிடிச்சு நடக்க வச்சுட்டாங்க. நான் பாக்கப் போனப்ப அக்கா எனக்குத் தையல் போட்ட இடத்த காட்டினாங்க. உள்ளங்கை நீளம்கூட இல்ல. "இதுக்கா இவ்வளவு பயந்தேன்"னு சிரிச்சாங்க.

எங்க வேன்காரங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தருக்கு முடியலனா இன்னொருத்தர் அவங்க பிள்ளைங்களையும் சேர்த்து ஏத்தணும். பள்ளி திறந்ததும் லோகாக்கா பிள்ளைங்கள நான் முதல் நடையில ஏத்தி இறக்கிட்டு, அப்புறம் என் பிள்ளைங்களுக்குப் போவேன். முதல் நடைப் பிள்ளைங்க இருட்டுல எழுந்திரிக்கணும். பாவம், தூங்கிக்கிட்டே ஏறும். பெத்தவங்க எத்தனை நாள் பொறுப்பாங்க? ரெண்டு மூணு பேரு என்கிட்டயே சொல்லிட்டாங்க, நோன்புப் பெருநாள் லீவு முடிஞ்சும் ஆன்டி வரலனா வேற வேன் பாத்துக்கிறோம்னு. அவங்கள குத்தம் சொல்ல முடியாது. அக்காவோட வேன் பழைய மேனுவல். இடது முட்டி மடங்கலனா கிளட்ச் கிடையாது. கிளட்ச் இல்லனா அந்தப் பிள்ளைங்களும் அக்காவுக்குக் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

இந்த நேரத்துலதான் அமுதாக்கா வந்து இறங்கினாங்க.

அமுதவள்ளி, லோகாக்காவோட கூடப்பொறந்த அக்கா. கேரி தீவுலயே வாக்கப்பட்டு அங்கயே இருக்கிறவங்க. அவங்க குடும்பத்துல எந்தப் பொண்ணு பிள்ளை பெத்தாலும் பேறுகாலம் பாக்கிறது அமுதாக்காதான். தங்கச்சிங்க, மக, மருமக, நாத்தனார் மகள்னு ஒருத்தர விட்டதில்ல. பெரிய துணிமூட்டையோட வந்தாங்க. நல்லெண்ணெய், பூண்டு, கருவாடு, சாம்பிராணி, வேப்பிலை, வெந்தயம், மருந்துக் குழம்புக்கு அரைக்க வேண்டிய சாமான் எல்லாம் இருந்துச்சு. அவங்க வந்த காடியில இருந்து நான் எடுத்து வைக்கும்போதே எனக்கு சந்தேகம்தான்.

அடுத்த தடவை போய்ப் பாத்தா, லோகாக்கா தலையில துண்டு, காதுல பஞ்சு, கால்ல சாக்ஸ். வயித்தச் சுத்தி பழைய சேலைத்துணி கட்டியிருக்கு.

"அமுதாக்கா, ஆபரேஷன் முட்டியில. வயித்துக்கு எதுக்கு கட்டு?" அப்படின்னு கேட்டேன்.

"பச்சை உடம்பு தம்பி. ரத்தம் போன உடம்பு எல்லாம் ஒண்ணுதான். காத்து உள்ள போச்சுன்னா வயசான காலத்துல இடுப்பு பிடிச்சிக்கும்."

லோகாக்காவுக்கு வயசு அறுபதத் தாண்டிடுச்சு. இதுக்கு மேல எந்த வயசான காலம்னு கேக்க நினைச்சேன். அமுதாக்கா கையில கரண்டி இருந்துச்சு, அதனால கேக்கல.

முட்டிக்குக் கீழ தடியா ரெண்டு தலையணை. ஆஸ்பத்திரியில கொடுத்த ஐஸ் பை, ஃப்ரிட்ஜ்ல வாங்கி வச்ச மீனுக்கு மேல கிடந்துச்சு. பச்சை உடம்புல ஐஸ் வைக்கிறதான்னு கேக்கும்போதே அமுதாக்காவுக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதுக்குப் பதிலா தொடையிலயும் கெண்டைக்கால்லயும் சுடச்சுட எண்ணெய் ஒத்தடம். முட்டிப் பயிற்சி கொடுக்கிற ஃபிசியோவுக்குப் போக ஆஸ்பத்திரியில நாள் கொடுத்திருந்தாங்க. வெளிய போனா காத்து படும்னு சொல்லி அமுதாக்கா போன் அடிச்சு வரலன்னு சொல்லிட்டாங்க. பாத்ரூமுக்கு மட்டும் வாக்கர பிடிச்சு போகலாம். மத்த நேரம் படுக்கைதான். சாப்பாடு கைக்கு வரும். பூண்டு குழம்பு, சுறா புட்டு, மிளகு ரசம். கத்திரிக்காய் கூடாது, இறால் கூடாது, பச்சைத் தண்ணி கூடாது. தண்ணி ஊத்தி முடிச்சதும் தலைக்கு சாம்பிராணிப் புகை.

எனக்கு எரிச்சலா வந்துச்சு. அமுதாக்கா மேல இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சத பாசத்தோட செய்யறாங்க. லோகாக்கா மேலதான். லோரிக்காரனயே ஓட ஓட விரட்டுற பொம்பளை, இப்படி குழந்தை மாதிரி படுத்திருக்காங்களேன்னு. ஒரு நாள் அமுதாக்கா அடுப்படியில இருந்தப்ப மெதுவா கேட்டேன்.

"டாக்டர் மடக்கச் சொன்னாரே லா, மடக்குறீங்களா?"

"மடக்குவோம் வாசு. என்ன அவசரம்."

"பெருநாள் லீவுக்கு அப்புறம் பிள்ளைங்க இருக்க மாட்டாங்க, அதான் அவசரம்."

"பேசாம போடா. பெரியக்கா மனசு வருத்தப்படும்" அப்படின்னு சொல்லிட்டு கண்ண மூடிக்கிட்டாங்க. சரி, அக்காளுக்குப் பயந்துகிட்டு கிடக்காங்கன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

டாக்டர பாக்கிற நாள் வந்துச்சு. அதுக்கு மட்டும் அமுதாக்கா விட்டாங்க. காதுல பஞ்சோட, கழுத்துல துண்டோட என் காடியில ஏத்திவிட்டாங்க. பின் சீட்ல கால நீட்டிக்கிட்டு வந்தாங்க லோகாக்கா. டாக்டர் தழும்ப பாத்தாரு, நல்லா ஆறியிருக்குன்னாரு. கால மடக்கிப் பாத்தாரு. கொஞ்ச தூரம் போய் நின்னுடுச்சு. நீட்டச் சொன்னாரு. அதுவும் முழுசா நீளல. டாக்டர் முகம் மாறிடுச்சு. உள்ள வச்ச முட்டி நல்லாத்தான் இருக்கு, சுத்தி இருக்கிற சதைதான் இறுகிப்போச்சு, அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா மயக்கம் கொடுத்து நாங்களே வலிய மடக்க வேண்டி வரும்னு சொன்னாரு. அப்படி மடக்கினாலும் திரும்ப இறுகாம இருக்க அதே பயிற்சியத்தான் செய்யணுமாம்.

அங்கேயே ஃபிசியோ அறைக்கு அனுப்பினாரு. அபிராமின்னு ஒரு பொண்ணு. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். வீட்டுல எப்படி படுப்பீங்க, என்ன செய்வீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டுச்சு. லோகாக்கா தலையணைய சொன்னதும் பேனாவ கீழ வச்சிடுச்சு.

"முட்டிக்குக் கீழ தலையணை வைக்கக் கூடாதுன்னு வார்டுல சொன்னேனே ஆன்டி. வச்சா மடங்கின மேனிக்கே இறுகிடும். அப்புறம் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. வைக்கணும்னா குதிகாலுக்குக் கீழ வைங்க."

"அது வலிக்குதே."

"வலிக்கும். முட்டிக்குக் கீழ வச்சா சுகமா இருக்கும். அதான் எல்லாரும் வைக்கிறாங்க."

திரும்பி வரும்போது சாப்பிட பிரிக்பீல்ட்ஸ்ல நிறுத்தினேன். பார்க்கிங் கிடைக்க நாக்கு தள்ளிடுச்சு. வாழையிலைக் கடைக்குள்ள போனோம். லோகாக்காவால கால மேசைக்கு அடியில விட முடியல. ஒருக்களிச்சு உக்காந்தாங்க. இடது கால் பாதையில நீட்டிக்கிட்டு நிக்குது. சாம்பார் வாளியோட வந்த பையன், "ஆன்டி, கால கொஞ்சம் உள்ள எடுத்துக்கிறீங்களா"ன்னு மரியாதையாத்தான் கேட்டான். அக்கா ரெண்டு கையால தொடைய பிடிச்சு இழுத்துப் பாத்தாங்க. வரல. அவன் சுத்திக்கிட்டு அடுத்த பக்கமா போனான். அக்கா அந்தக் கால பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் காதுல இருந்த பஞ்ச எடுத்து இலை ஓரமா வச்சாங்க. பையன கூப்பிட்டு இறால் சம்பல் கொண்டாரச் சொன்னாங்க.

"வாசு, என் பிள்ளைங்க வேற வேன்ல ஏறிடுமா?"

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. "ஏறாம? காதுல பஞ்சு வச்சா முட்டி மடங்குமாக்கா? இவ்வளவு நாள் என்னதான் நினைச்சிக்கிட்டு படுத்திருந்தீங்க?"

அக்கா சம்பல எடுத்து சோத்துல பிசைஞ்சாங்க. சாப்பிட்டுக்கிட்டே அழுதாங்க. மூக்க துடைச்சிட்டு மறுபடியும் சாப்பிட்டாங்க. நான் அவ்வளவு கடுமையா பேசியிருக்க வேணாம். ஆனா யாராவது பேசத்தானே வேணும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தா, கட்டில்ல தலையணை தயாரா இருக்கு. அமுதாக்கா எண்ணெய் காய்ச்சி வச்சிட்டாங்க. லோகாக்கா வாக்கர பிடிச்சிக்கிட்டு அந்தத் தலையணைய எடுத்து நாற்காலியில போட்டாங்க.

"எனக்கு இது வேணாம்க்கா. எண்ணெயும் வேணாம். ஐஸ்தான் வைக்கணுமாம். நாளையில இருந்து ஃபிசியோவுக்குப் போறேன்."

"யார் சொன்னா? பச்சை உடம்ப வச்சிக்கிட்டு..."

"பச்சை உடம்பு, பச்சை உடம்புன்னு சொல்லாதக்கா. நான் என்ன பிள்ளையா பெத்தேன்?"

அக்கா அத சத்தமா சொல்லல. அமுதாக்கா எண்ணெய்க் கிண்ணத்த எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனாங்க. பாத்திரம் கழுவுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. நான் கிளம்பிட்டேன்.

மறுநாள் அமுதாக்கா மூட்டைய கட்டிட்டாங்க. கொண்டுபோய் விடுற வேலை எனக்கு. தெலுக் பங்ளிமா காராங் தாண்டி, கேரி தீவுப் பாலம் ஏறி, செம்பனைத் தோட்டத்துக்குள்ள போனப்புறம்தான் அவங்க ஜன்னல் பக்கமா பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சாங்க.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நான் பாத்திருக்கேன் தம்பி. கடைசித் தங்கச்சி, சின்னவ வீட்டுக்குப் போயிருக்கேன், எங்க நாத்தனா மக வீட்டுக்குப் போயிருக்கேன். எல்லாருக்கும் மருந்து அரைச்சு கொடுத்த இந்தக் கை இவளுக்கு மட்டும் அரைச்சு கொடுத்ததில்ல. ஒவ்வொரு வீட்டுலயும் குழந்தைய குளிப்பாட்டும்போது இவ ஒரு ஓரமா நின்னு துண்ட நீட்டுவா. எனக்கு அவ முகத்த பாக்க முடியாது. இந்த ஆபரேஷன்னு சொன்னதும், சரி, இப்பவாவது என் தங்கச்சிக்கு செய்வோம்னு வந்தேன். அவ கால கெடுக்கவா வந்தேன்?"

கெடுக்கணும்னு யாரும் செய்யலக்கான்னு மட்டும் சொன்னேன். வீட்டு வாசல்ல இறக்கி விட்டப்ப எனக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்தாங்க. தங்கச்சிக்குக் கொடுத்துவிடல.

அதுக்கப்புறம் லோகாக்கா பட்ட பாடு இருக்கே, அத சொல்லி மாளாது. என் ரெண்டாவது நடை முடிஞ்சதும் அவங்கள ஏத்திக்கிட்டு போவேன். கிள்ளான்லயே ஒரு ஃபிசியோ இடம் அபிராமி எழுதிக் கொடுத்திருந்துச்சு. கட்டில் ஓரத்துல உக்கார வச்சு, நல்ல கால இந்தக் கால் மேல போட்டு அழுத்தச் சொல்லுவாங்க. குப்புற படுக்கப் போட்டு, பாதத்துல துண்ட மாட்டி, தோளுக்கு மேலால இழுக்கச் சொல்லுவாங்க. லோரிக்காரங்களுக்கு வச்சிருந்த வார்த்தையெல்லாம் அப்போதான் வெளிய வந்துச்சு. அங்க வேலை செய்யற மலாய்க்காரப் பையன் பாதிய புரிஞ்சிக்கிட்டு சிரிப்பான். வலி மாத்திரைய போட்டுட்டுதான் ஆரம்பிப்பாங்க, அப்படியும் கண்ணுல தண்ணி கொட்டும். வீட்டுக்கு வந்து ஐஸ் வச்சிக்கிட்டு, குதிகாலுக்குக் கீழ துண்ட சுருட்டி வச்சு, பல்ல கடிச்சிக்கிட்டு படுத்திருப்பாங்க. சமையல் தானே நின்னு செஞ்சாங்க. நிறைய நாள் நான் சாப்பாட்டுக் கடையில பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணி கொண்டு போனேன். ஒரு நாள்கூட அமுதாக்காவுக்குப் போன் போடுங்கன்னு நான் சொல்லல, அவங்களும் போடல.

முட்டி சட்டுனு ஒண்ணும் இளகிடல. ஒரு நாள் நல்லா மடங்கும், மறுநாள் வீங்கிக்கிட்டு வீம்பு பண்ணும். ஆனா வாக்கர் போய் கம்பு வந்துச்சு, கம்பும் ஒரு மூலைக்குப் போச்சு. அடுத்த தடவை டாக்டர் மடக்கிப் பாத்துட்டு, மயக்கம் எல்லாம் தேவையில்ல, இப்படியே விடாம செய்யுங்கன்னாரு. வேன் ஓட்டலாமான்னு அக்கா கேட்டாங்க. முதல்ல நிறுத்தின வண்டியில உக்காந்து மிதிச்சுப் பாருங்க, யோசிக்காம சட்டுனு மிதிக்க முடிஞ்சா ஓட்டுங்கன்னு சொன்னாரு.

வீட்டு வாசல்ல நின்ன வேன்ல அக்கா ஏறினது ஒரு பெரிய திருவிழா. முதல் நாள் கால தூக்கி உள்ள வைக்கவே முடியல. கதவ பிடிச்சிக்கிட்டு நின்னு நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்குள்ள போய்ட்டாங்க. அப்புறம் ஒரு நாள் ஏறினாங்க. கிளட்ச்ச மிதிச்சாங்க. விட்டு, மறுபடியும் மிதிச்சாங்க. நான் திடீர் திடீர்னு "பிரேக்"னு கத்துவேன், ரெண்டு காலும் ஒண்ணா இறங்குதான்னு பாப்பேன். முதல்ல இடது கால் தாமதமாத்தான் வந்துச்சு. பெருநாள் லீவு தொடங்கும்போது சரியா வந்துடுச்சு. அக்கா ஸ்டியரிங் மேல தலைய வச்சுக்கிட்டாங்க. பெத்தவங்களுக்கெல்லாம் நானே போன் போட்டு சொன்னேன். எல்லாரும் சரின்னாங்க. ஒரு வீடு மட்டும் ஏற்கனவே வேற வேனுக்குப் பேசிட்டாங்க. அந்த வீட்டுப் பேர அக்கா அதுக்கப்புறம் சொல்றதே இல்ல.

பள்ளி திறக்கிறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அக்கா எனக்குப் போன் போட்டாங்க. "தம்பி, கூட வா. தூரமா ஓட்டிப் பாக்கணும்." எங்கன்னு சொல்லல. பாலம் ஏறினதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு.

அமுதாக்கா வீட்டு வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. வேன பாத்தாங்க. லோகாக்கா கதவ தொறந்து, வலது கால ஊனி, இடது கால மடக்கி, தானா இறங்குறதையும் பாத்தாங்க. கையில இருந்த துணிய அப்படியே தோள்ல போட்டுக்கிட்டு, "வா"ன்னாங்க. உள்ள போனோம். கோப்பி கலக்கி கொடுத்தாங்க. லோகாக்கா நாற்காலியில உக்காந்ததும், எதிர்ல தரையில உக்காந்து, அந்த முட்டிய கையால தடவிப் பாத்தாங்க. மடக்கு, நீட்டுன்னாங்க. லோகாக்கா மடக்கினாங்க, நீட்டினாங்க.

"நான் செஞ்சது எல்லாமே தப்பாடி?"

"காலுக்குத் தப்புதான்" அப்படின்னாங்க லோகாக்கா.

அமுதாக்கா தலைய ஆட்டினாங்க. எழுந்திரிக்கப் போனவங்கள லோகாக்கா கைய பிடிச்சு நிறுத்தினாங்க.

"மடங்கலன்னு எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்க்கா. ஆஸ்பத்திரியில படிச்சு படிச்சு சொல்லித்தான் அனுப்பினாங்க. நீ தலை துவட்டி சாம்பிராணி போடுவ. வயித்த கட்டி விடுவ. சோத்த பிசைஞ்சு கையில கொடுப்ப. சின்னவளுக்கெல்லாம் இப்படித்தானே செஞ்சிருப்பன்னு நினைச்சிக்கிட்டே படுத்திருப்பேன். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு இருந்துட்டேன். எழுந்திரிக்க மனசே வரலக்கா."

அமுதாக்கா எழுந்து பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அப்புறம், "தெரிஞ்சேவா படுத்திருந்த?"ன்னு கேட்டாங்க.

"தெரிஞ்சேதான்."

அமுதாக்கா தங்கச்சியோட தலைய இழுத்துத் தன் தோள்ல சாய்ச்சிக்கிட்டாங்க. லோகாக்கா அழுதத நான் நிறைய தடவை பாத்திருக்கேன், ஃபிசியோவுல தினமும்தான் அழுதாங்க. இது அந்த அழுகை இல்ல. நான் கோப்பிய எடுத்துக்கிட்டு வெளிய வேன் பக்கத்துல போய் நின்னேன். உள்ள இருந்து கூப்பிடுற வரைக்கும் அங்கேயே நின்னேன்.